பதிவா, கலையா? டோக்கியோ ஒலிம்பிக் விழாவும் அதன் படைப்பாளிகளும்

அரசு விழா எடுக்கும்போது கலைஞனுக்கும் வேலை கிடைக்கிறது. அக்காலத்து மன்னன் போரில் வென்று மீண்டால் பரணி பாடுவதற்குப் புலவன் வேண்டியிருந்தான். இக்காலத்து அரசு பெருவிழாவொன்றை நடத்தினால் அதைப் படம் பிடித்து வைப்பதற்கு நெறியாளன் ஒருவன் வேண்டியிருக்கிறான். பரிசில் பெற்றவன் எதைப் பாடலாம், எதைப் பாடாது விடவேண்டும் என்ற வினா அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒலிம்பிக் விழாக்களைப் பற்றிய திரைப்படங்களை ஆராயப் புகுவோர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய வினா இதுவேயாகும்.

இவ்வினா மிக வெளிப்படையாக எழுந்த இடம் யப்பான். 1964 ஒக்டோபர் 10ஆந் திகதி டோக்கியோவில் தொடங்கிய ஒலிம்பிக் விழாவைப் படமாக்கும் பொறுப்பு முதலில் அகிரா குரோசாவாவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவர் விலகிய பின்னர் கொன் இச்சிகாவா அதனை ஏற்றுக்கொண்டார். 'பர்மிய யாழ்' (1956), 'சமவெளியில் தீ' (1959) ஆகிய படங்களில், தோல்வியுற்ற படையின் சாதாரணச் சிப்பாயினது கண்கொண்டு போரைப் பார்த்தவர் அவர். நூற்றுக்கு மேற்பட்ட கமராக்களைக் கொண்டு எடுக்கப்பட்டதும், ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடுவதுமான 'டோக்கியோ ஒலிம்பியாட்' 1965 மார்ச் மாதத்தில் வெளிவந்தது. வெளியீட்டுக்கு முன்னர் அதனைப் பார்த்த, ஒலிம்பிக் விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சர் இச்சிரோ கோனோ அதிருப்தியடைந்தார். கலைத்தன்மை மிகுந்து பதிவுத்தன்மை குன்றிவிட்டது என்பது அவரது குற்றச்சாட்டு. பத்திரிகைகள் 'பதிவா, கலையா' என்று விவாதித்தன. நடிகை ஹிதெகோ தகாமினே இச்சிகாவாவுக்காக வெளிப்படையாக வாதாடினார். அமைச்சரை நேரிற் கண்டும் பேசினார். மக்களோ திரையரங்குகளை நிறைத்தனர். பள்ளி மாணவரும் அணியணியாகச் சென்று பார்த்தனர்.

அவ்விவாதம் நடந்து அறுபது ஆண்டுகள் சென்றுவிட்டன. 1964ஆம் ஆண்டு விழா நடந்த தேசிய மைதானம் 2015இல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் எழுந்த புதிய மைதானத்தில் 2021இல் மற்றுமோர் ஒலிம்பிக் விழா நடந்து முடிந்தது. பழைய மைதானம் மறைந்தபோதிலும் பழைய வினா மறையவில்லை. அமைச்சர் கேட்ட வினா பிழையாகத் தொடுக்கப்பட்ட வினா என்பதும், அதற்கு விடை கூற முற்பட்ட கலை ஆதரவாளர்களும் அப்பிழைக்குள்ளேயே நின்றுவிட்டனர் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலில் படத்தை அதன் தகுதி கொண்டே மதிப்பிடுவோம். தொடக்கத்தில் சூரியன் தோன்றுகிறது. அடுத்து இரும்புக் குண்டொன்று பழைய கட்டிடங்களை மோதி இடிக்கிறது. சுவர்கள் சரிகின்றன, புழுதி எழுகிறது. எழுஞாயிறு யப்பானிய அரசின் கொடிச் சின்னம் என்பதை நாம் அறிவோம். அச்சின்னத்தையும் இடிபாட்டையும் அடுத்தடுத்து வைத்ததன் மூலம், விழாவுக்கு முன்பு ஒரு நகரம் இடிக்கப்பட்டது என்ற உண்மையை இச்சிகாவா முதற்கணத்திலேயே சொல்லிவிடுகிறார். அமைச்சரின் மனத்தை உறுத்தியவற்றுள் இதுவும் ஒன்றாயிருந்திருக்கலாம். பின்னர் ஒலிம்பிக் சுடர் வருகிறது. அச்சுடர் ஹிரோஷிமாவைக் கடந்து செல்வதையும் கமரா காட்டத் தவறவில்லை. மைதானத்திற் சுடரேற்றிய இளைஞர் யோஷினோரி சக்காய், அணுகுண்டு விழுந்த 1945 ஓகஸ்ட் 6ஆந் திகதியிலேயே ஹிரோஷிமா மாகாணத்திற் பிறந்தவர்.

போட்டிகளைக் காட்டும் பகுதிகளிலும் நெறியாளரின் நாட்டம் பதக்கங்களில் இல்லை. குண்டு எறிய நிற்பவன் குண்டைக் கழுத்தோடு அணைத்தும் எடுத்தும் தயங்கும் தயக்கம், மகளிர் தடைதாண்டி ஓட்டத்திற்கு முன்னர் வீராங்கனையின் முகத்தில் ஓடும் கலக்கம் ஆகியவை அவருக்கு வெற்றியினும் முக்கியமானவை. ஆபிரிக்காவின் சாட் நாட்டிலிருந்து வந்த 800 மீற்றர் ஓட்டக்காரர் அகமது இசாவைக் கமரா தனியே பின்தொடர்கிறது. அவரது நாடு 1960இல் விடுதலை பெற்றது. நாட்டுக்கு அப்போது நான்கு வயது, அவருக்கு இருபதைக் கடந்த வயது. பலநாட்டு வீரர் கூடிச் சிரித்து உண்ணும் மண்டபத்தில் அவர் தனியே அமர்ந்து உண்கிறார். அரையிறுதியோட்டத்துடன் அவரது பங்கு முடிந்துவிடுகிறது. வென்றவர்களின் பெயரை மறந்துவிடும் பார்வையாளரும் இந்தத் தனித்த மனிதரை மறப்பதில்லை.

படத்தின் சிகரம் மரதன் ஓட்டம். எதியோப்பியாவின் அபெபே பிக்கிலா 1960இல் ரோமாபுரியில் வெறுங்காலுடன் ஓடி வென்றவர். டோக்கியோவில், குடல்வால் சத்திரசிகிச்சை நடந்து சில வாரங்களே சென்றிருந்த நிலையில் அவர் மீண்டும் வென்றார். வேகம் குறைக்கப்பட்ட காட்சியில் அவரது முகத்தைக் கமரா நெடுநேரம் விட்டு அகலாது பார்க்கிறது. மறுபுறம், வீதியோரத்தில் அமர்ந்துவிடுவோரும், நீர் அருந்த நின்றுவிடுவோரும், தள்ளாடி வந்து விழுவோரும் காட்டப்படுகின்றனர். இரண்டாமவராக மைதானத்துள் நுழைந்து இறுதிச் சுற்றில் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்ட கோக்கிச்சி சுபுராயா, 1968 ஜனவரியில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்பதை அறிந்தவர்க்கு இன்று அக்காட்சி வேறு பொருளையும் தருகின்றது.

இச்சிகாவாவின் சாதனையை முற்றாக விளங்கிக்கொள்ள, அவருக்கு முன்னிருந்த மரபை நினைத்தல் வேண்டும். 1936இல் பேர்லின் நகரத்தில் நடந்த விழாவை லெனி ரீபென்ஸ்தால் 'ஒலிம்பியா' என்ற பெயரில் இரு பாகங்களாகப் படமாக்கினார். 1938 ஏப்ரல் 20ஆந் திகதி, ஹிட்லரின் பிறந்தநாளன்று, அது முதன்முதல் திரையிடப்பட்டது. கிரேக்கச் சிலையொன்று உயிர்பெற்று விளையாட்டு வீரனாக மாறுவதும், நீரிற் பாய்வோர் வானத்திற் பறவைகள்போல் மிதப்பதும் அப்படத்தின் புகழ்பெற்ற காட்சிகள். கறுப்பின வீரர் ஜெசி ஓவென்ஸின் வெற்றியும் அதில் இடம்பெறுகிறது. இதைச் சுட்டிக்காட்டி, அது தூய கலையே என்று வாதிடுவோர் இன்றும் உளர். விழாவுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர், 1936 யூலை 16ஆந் திகதி, பேர்லினில் வாழ்ந்த சிந்தி, ரோமா மக்கள் 600 பேரளவில் பொலிசாராற் பிடிக்கப்பட்டு, நகரின் ஓரத்திலுள்ள மார்சான் என்னுமிடத்தில் முகாமிட்டு அடைக்கப்பட்டனர். வீதிகளில் தொங்கிய யூதவெறுப்பு அறிவிப்புகள் வெளிநாட்டார் கண்ணிற் படாதவாறு அகற்றப்பட்டன. அழகிய உடல்களை வானத்தில் மிதக்கவிட்ட கமரா, தரையில் நடந்த இதனைக் காணவில்லை. ரீபென்ஸ்தாலின் கலையில் உடல் தெய்வமாகிறது; இச்சிகாவாவின் கலையில் அது வியர்த்துக் களைத்துப் பயப்படும் மனித உடலாகவே இருக்கிறது. இவ்வேறுபாடு உத்தியில் எழுந்த வேறுபாடன்று. உலகத்தைப் பார்க்கும் பார்வையில் எழுந்த வேறுபாடு.

ஆகவே, அமைச்சருக்கும் நெறியாளருக்குமிடையே எழுந்த பிணக்கில் நாம் நெறியாளர் பக்கமே நிற்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. அமைச்சர் 'பதிவு' என்று குறித்தது உண்மையை அன்று. தேசத்தின் வெற்றிகள் வரிசை குலையாமல் அடுக்கிவைக்கப்பட்ட ஒரு காட்சிப் பட்டியலையே அவர் விரும்பினார். ஆயினும், 'கலைஞனுக்குச் சுதந்திரம் வேண்டும்' என்ற அளவில் விவாதத்தை முடித்துவிட்டால், பதிவு என்ற சொல்லை அமைச்சருக்கே விட்டுக்கொடுத்தவர்களாவோம்.

பதிவு என்பது யாது? பேர்லின் விழாவோடு தொடர்புடைய மற்றொரு நிகழ்ச்சியை இங்கு நோக்குவோம். அவ்விழாவில் மரதன் ஓட்டத்தில் வென்றவர் கொரியரான சோன் கீ சுங். அவரது நாடு அப்பொழுது யப்பானின் ஆட்சியில் இருந்தமையால், மார்பில் யப்பானியக் கொடியுடனும் யப்பானிய முறையில் எழுதப்பட்ட பெயருடனும் அவர் ஓட நேர்ந்தது. 'டொங்-ஆ இல்போ' என்ற கொரியப் பத்திரிகை அவரது படத்தை வெளியிட்டபோது மார்பிலிருந்த கொடியை அழித்துவிட்டு அச்சிட்டது. அதற்காகப் பத்திரிகையின் வெளியீடு நிறுத்தப்பட்டது, ஊழியர் சிறைப்பட்டனர். மூலப்படம் சிறிதும் மாற்றப்படாத பதிவு; பத்திரிகையில் வந்ததோ திருத்தப்பட்ட படம். வரலாற்று உண்மைக்கு இவ்விரண்டில் அணித்தாயிருப்பது எது? கொடியை அழித்த கையே உண்மையை எழுதிற்று என்று கூறத் தயங்கவேண்டியதில்லை. படச்சுருளின் நேர்மை மட்டும் பதிவின் நேர்மையாகிவிடாது. யார் எங்கு நின்று, யாருக்காகப் பதிகின்றார் என்பதைக் கொண்டே பதிவு மெய்யாகவோ பொய்யாகவோ அமைகின்றது. 'பதிவா, கலையா' என்பதற்குப் பதிலாக 'யாருடைய பதிவு' என்றே கேட்டிருத்தல் வேண்டும்.

இவ்வினாவை எழுப்பியவுடன் இச்சிகாவாவின் படத்தினது எல்லையும் புலப்படுகிறது. முதற்காட்சியில் இரும்புக் குண்டு கட்டிடத்தை இடிக்கிறது. அதனை இயக்கியவர் யார்? இடிந்த வீட்டில் வாழ்ந்தவர் எங்கே போனார்? இடிந்த இடத்திற் புதியது கட்டியவர் எங்கிருந்து வந்தார்? படம் மைதானத்துள் நுழைந்த பின்னர் இவற்றுக்குத் திரும்புவதேயில்லை. விழாவுக்காக டோக்கியோ அடைந்த மாற்றம் சிறியதன்று. அமெரிக்கப் படையினரின் குடியிருப்பாயிருந்த யோயோகி நிலம் மீளப்பெறப்பட்டு வீரர்களின் விடுதியாயிற்று. 1964 ஒக்டோபர் முதலாந் திகதி, விழாவுக்கு ஒன்பது நாட்களுக்கு முன்னர், அதிவேகப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. பழைய தலைநகரின் நெடுஞ்சாலைகள் புறப்பட்ட நிஹோன்பாஷிப் பாலத்தின் தலைக்குமேலே வான்வீதி கட்டப்பட்டது. ஆறுகளும் கால்வாய்களும் மூடப்பட்டன. இவ்வளவு வேலையும் தானாக நடந்துவிடவில்லை. வடகிழக்கு யப்பானின் வறிய விவசாயக் குடும்பங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்கள், அறுவடை முடிந்த காலத்திற் கூலிதேடி டோக்கியோவுக்கு வந்தனர். அவர்களுடைய கைகளே நகரத்தைக் கட்டின.

மற்றோர் உதாரணம். மகளிர் கரப்பந்தாட்ட இறுதிப் போட்டியில் யப்பானிய அணி சோவியத் அணியை வென்றது. படத்தில் வெற்றிக்குப் பின்னர் பயிற்றுநர் ஹிரோபூமி தைமட்சு ஆரவாரத்திலிருந்து ஒதுங்கித் தனியே நிற்கும் காட்சி மனத்தை விட்டகலாதது. ஆனால் அவ்வணியின் பெண்களிற் பெரும்பாலோர் நிச்சிபோ என்ற நூற்பாலைக் கொம்பனியின் ஊழியர்கள். பகலில் வேலை, மாலை முதல் நள்ளிரவு கடந்தும் பயிற்சி. வேலைத்தலத்தின் ஒழுங்கே விளையாட்டுத் திடலின் ஒழுங்காகவும் இருந்தது. நூற்பாலையைக் காட்டாமல் அவ்வெற்றியை முழுமையாக விளக்கமுடியுமா? இச்சிகாவா பயிற்றுநரின் தனிமையைக் கண்டார். அப்பெண்களை உருவாக்கிய உழைப்பின் அமைப்பை அவரது கமரா தேடவில்லை. தனிமனிதனின் மனத்தை ஊடுருவிப் பார்க்கும் மனிதாபிமானம், சமுதாய அமைப்பின் வாயிலில் வந்து நின்றுவிடுகின்றது. இது அவருடைய தனிப்பட்ட குறையன்று. அரசின் அனுமதிச்சீட்டோடு மைதானத்தில் நின்று பார்க்கும் எக்கலைஞனுக்கும் ஏற்படும் எல்லை.

அவ்வெல்லைக்கு அப்பால் நின்று அதே நகரத்தைப் பார்த்த படைப்பு ஐம்பது ஆண்டுகளின் பின்னரே வந்தது. 2014இல் வெளிவந்த யூ மிரியின் 'டோக்கியோ உவெனோ நிலையம்' என்ற நாவலே அது. மோர்கன் ஜைல்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2020இல் அமெரிக்கத் தேசியப் புத்தக விருதினைப் பெற்றதும் உலகெங்கும் வாசகர்களைச் சென்றடைந்தது. யூ மிரி யப்பானிற் பிறந்த கொரியர். அவரது தாய்வழிப் பாட்டனார், 1940இல் டோக்கியோவில் நடைபெறவிருந்த ஒலிம்பிக் விழாவில் ஓடக்கூடியவர் என்று மதிக்கப்பட்ட ஓட்டக்காரர். சீனத்தின்மீது போர் தொடுத்திருந்த யப்பான் 1938இல் அவ்விழாவைக் கைவிட்டது. பாட்டனாரின் கதையைத் தனியே ஒரு பெருநாவலாகவும் அவர் எழுதியுள்ளார். ஒலிம்பிக் விழாவை விருந்தினர் வாயிலால் அன்றிப் பின்வாயிலால் அறிந்த குடும்பத்தின் பிள்ளை அவர் எனலாம்.

நாவலின் கதைசொல்லி கசு. புகுஷிமா மாகாணத்தின் கரையோரச் சிற்றூரொன்றில் 1933இல், அக்கிஹித்தோ பேரரசர் பிறந்த அதே ஆண்டில் பிறந்தவன். அவன் மகன் பிறந்த நாளும், இன்றைய பேரரசர் பிறந்த 1960 பெப்ரவரி 23ஆந் திகதியேயாகும். ஒரே ஆண்டில், ஒரே நாளிற் பிறந்த இரு குடும்பங்களின் வாழ்க்கை எவ்வாறு வேறுபடுகிறது என்பதே நாவலின் உள்ளமைப்பு. 1963இல் கசு வேலைதேடி டோக்கியோவுக்கு வருகிறான். ஒலிம்பிக் விழாவுக்கான விளையாட்டரங்குகளைக் கட்டும் வேலையில் மண் வெட்டுகிறான். வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான், வீட்டில் வாழ்ந்ததில்லை. மனைவியோடு கூடியிருந்த நாட்களும் மக்களின் முகங்களைப் பார்த்திருந்த நாட்களும் மிகச் சில. மகன் இளமையிலேயே இறக்கிறான்; பின்னர் மனைவியும் இறக்கிறாள். பேர்த்திக்குப் பாரமாயிருத்தலாகாதென்று எண்ணி மீண்டும் டோக்கியோவுக்கு வருகிறான். இம்முறை வேலைக்காக வரவில்லை. வடகிழக்கிலிருந்து வரும் புகையிரதங்களின் வாயிலான உவெனோ நிலையத்தருகே, பூங்காவில் வீடற்றோரில் ஒருவனாக வாழ்ந்து மடிகிறான். மடிந்த பின்னரே பேசுகிறான். கதையைச் சொல்வது அவனது ஆவி.

உவெனோப் பூங்கா அரச குடும்பத்தால் 1924இல் நகருக்கு வழங்கப்பட்டது. அதன் பெயரிலேயே அக்கொடை குறிக்கப்பட்டிருக்கிறது. அரச குடும்பத்தினர் அங்குள்ள கண்காட்சிச் சாலைகளுக்கு வரும் நாட்களில், வீடற்றோர் தம் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டு அகலவேண்டும் என்று அறிவிப்பு ஒட்டப்படுகிறது. நகரத்தைக் கட்டியவன், நகரம் அழகாகத் தோன்றவேண்டிய நாளில் அதன் கண்ணிலிருந்து மறையவேண்டியவனாகிறான். பேர்லினில் 1936இல் பொலிஸ் படை செய்ததை, இங்கு ஒரு துண்டறிவித்தல் மென்மையாகச் செய்துவிடுகிறது. இரண்டும் ஒரே கொடுமை என்று கூறுவது மிகையாகும்; மார்சானிலிருந்து பலர் கொலைமுகாம்களுக்கே அனுப்பப்பட்டனர். ஆனால் விருந்தினர் வருமுன் வறியவரை ஒளித்துவைக்கும் மனப்பான்மை இரண்டுக்கும் பொதுவானது.

இங்கே நம் நாட்டவர் ஒருவரை நினைக்காதிருக்க முடியவில்லை. 1964 ஒக்டோபர் 14ஆந் திகதி டோக்கியோவில் நடந்த 10,000 மீற்றர் ஓட்டத்தில் அமெரிக்காவின் லகோட்டாப் பழங்குடியைச் சேர்ந்த பில்லி மில்ஸ் எவரும் எதிர்பாராவண்ணம் வென்றார். அதே ஓட்டத்தில் 67ஆம் இலக்கம் அணிந்து ஓடிய இலங்கையர் ரணதுங்க கருணானந்த, எல்லோரும் ஓடி முடித்த பின்னரும் தமக்கு எஞ்சிய சுற்றுக்களைத் தனியே ஓடி முடித்தார். மைதானம் எழுந்து கரகோஷஞ் செய்தது. யப்பானியச் சிறுவர்களின் பாடநூலிலும் அவர் கதை சேர்க்கப்பட்டது. தோல்வியிலும் தளராத அம்மனிதரை யப்பானிய மக்கள் போற்றியது உயர்ந்த பண்பே. ஆனால் கசுவும் தனது சுற்றுக்கள் அனைத்தையும் ஓடி முடித்தவன்தான். அவனுக்கு எவரும் கைதட்டவில்லை. பாடநூலில் அவனுக்கு இடமில்லை. விடாமுயற்சியை மைதானத்துள் போற்றும் சமுதாயம், மைதானத்துக்கு வெளியே அதே விடாமுயற்சிக்குக் கொடுக்கும் கூலி என்ன என்பதே யூ மிரி நம் முன் வைக்கும் வினா.

இந்நாவலைப் போற்றும்போது அதன் குறையையும் கூறுதல் விமரிசகனின் கடமை. கசு துன்பத்தைச் சுமக்கிறான்; எதிர்ப்பதில்லை. தனக்கு நல்வாய்ப்பில்லை என்றே தன் வாழ்வை விளங்கிக்கொள்கிறான். சிறுவயதிற் பேரரசரின் வருகைக்குக் கூடிய கூட்டத்தில் நின்றவன், முதுமையிலும் பேரரசரின் வாகனத்தைக் கண்டதும் கையசைத்துவிடுகிறான். அடிமைத்தனம் உள்ளத்துள் எவ்வாறு வேரூன்றுகிறது என்பதைக் காட்டும் ஆற்றல்மிக்க காட்சி அது. எனினும் நாவலை மட்டும் படிப்பவர், யப்பானியக் கூலித் தொழிலாளர் எல்லோரும் இவ்வாறே மௌனமாக மடிந்தனர் என்று எண்ணிவிடக்கூடும். வரலாறு அவ்வாறன்று. உவெனோவுக்கு அணித்தாயுள்ள சன்யா, நாட்கூலித் தொழிலாளர் திரண்டு வாழ்ந்த பகுதி. 1960களில் அங்கு மீண்டும் மீண்டும் கிளர்ச்சிகள் எழுந்தன. 1985இல் வெளிவந்த 'யாமா' என்ற விவரணப்படம், அத்தொழிலாளர் சங்கமாகத் திரண்டு, கூலியைக் கொள்ளையிட்ட குண்டர் கும்பல்களை எதிர்த்து நின்ற போராட்டத்தைப் பதிவு செய்கிறது. அதன் நெறியாளர் மிட்சுவோ சாத்தோ, படப்பிடிப்புத் தொடங்கிய சிறிது காலத்தில், 1984 டிசெம்பரிற் கொல்லப்பட்டார். அவரது வேலையைத் தொடர்ந்து படத்தை முடித்தவர்களுள் ஒருவரான கியோய்ச்சி யமஓக்கா 1986 ஜனவரியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அமைச்சரின் அதிருப்தியைச் சம்பாதித்த படம் ஒன்று. நெறியாளர்களின் உயிரையே விலையாகப் பெற்ற படம் மற்றொன்று. 'யாருடைய பதிவு' என்ற வினா வெறும் அழகியல் வினாவன்று என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.

1964 பழங்கதை என்று கூறி ஒதுங்கிவிடவும் முடியாது. 1960களில் விழாவுக்காக வீடிழந்தோர் சிலர், மைதானத்துக்கு அருகே கசுமிகஓகா என்ற இடத்திற் கட்டப்பட்ட அரசாங்கத் தொடர்மாடிகளிற் குடியேறினர். 2020ஆம் ஆண்டு விழாவுக்கான புதிய மைதானத்தை அமைப்பதற்காக அத்தொடர்மாடிகளும் இடிக்கப்பட்டன. ஒலிம்பிக் விழாவுக்காக வாழ்நாளில் இருமுறை வீடிழந்த முதியவர் அங்கிருந்தார். அப்புதிய மைதானத்தின் கட்டிட வேலையில் மேற்பார்வையாளராயிருந்த 23 வயது இளைஞர் ஒருவர் 2017இல் தம்முயிரைப் போக்கிக்கொண்டார். இறப்பதற்கு முந்திய ஒரு மாதத்தில் அவர் 190 மணி நேரத்துக்கு மேல் மிகைவேலை செய்திருந்தார். அவரது சாவுக்கு வேலைப்பளுவே காரணம் என்று தொழிற் பரிசோதனை அலுவலகமே ஏற்றுக்கொண்டது.

கசுவின் ஊருக்கு வருவோம். புகுஷிமா 1960களில் டோக்கியோவுக்குக் கைகளைக் கொடுத்தது. 1971 முதல் அங்குள்ள அணுமின் நிலையம் டோக்கியோவுக்கு மின்சாரத்தைக் கொடுத்தது. 2011 மார்ச் மாதத்து ஆழிப்பேரலையின் பின்னர், அந்நிலையத்தின் நச்சுக் கதிர்வீச்சைப் புகுஷிமாவே ஏற்றுக்கொண்டது. நாவலில் கசுவின் பேர்த்தியை அப்பேரலை கொண்டுபோகிறது. பின்னர் 2020ஆம் ஆண்டு விழாவுக்குப் 'புனரமைப்பு ஒலிம்பிக்' என்று பெயர் சூட்டப்பட்டது. 2021 மார்ச் 25ஆந் திகதி சுடரோட்டமும் புகுஷிமாவிலிருந்தே தொடங்கியது. அழிவுற்ற ஊருக்கு மரியாதை செய்வதாகக் கூறிக்கொண்டே, அவ்வூரை விழாவின் அலங்காரமாக்கினர் என்பதைத் தவிர வேறென்ன கூறலாம்?

அவ்விழாவின் அதிகாரபூர்வமான படத்தை நவோமி கவாசே இயக்கினார். 2022இல் இரு பாகங்களாக வெளிவந்த அப்படத்தின் தயாரிப்பைப் பற்றி யப்பானின் பொது ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 2021 டிசெம்பரில் ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அதில், விழாவை எதிர்த்து ஆர்ப்பாட்டஞ் செய்தவர் பணம் பெற்றுக்கொண்டு வந்தவர் என்று பொருள்படும் வாசகம் ஒருவரது உருவத்தின்கீழ் இடப்பட்டிருந்தது. அது உறுதிப்படுத்தப்படாத செய்தி என்று 2022 ஜனவரியில் கூட்டுத்தாபனம் மன்னிப்புக் கேட்டது. 1936இல் கொரியப் பத்திரிகை படத்தைத் திருத்தி உண்மையைச் சொன்னது. 2021இல் திருத்தப்படாத படத்தின்கீழ் இட்ட ஒரு வரி, எதிர்த்து நின்ற மக்களைக் கூலிக்கு வந்தோராக்கியது. பதிவு என்ற சொல்லின் பின்னே ஒளிந்துகொள்வது எவ்வளவு எளிது!

இச்சிகாவாவின் படம் சிறந்த படம். ஆசிரியர்களும் மாணவர்களும் பார்க்கவேண்டிய படம். பதக்கப் பட்டியலுக்குப் பதிலாக மனித முகத்தைக் கேட்டுப் போராடிய கலைஞரின் படைப்பு அது. ஆனால் அதனைத் தனியே பார்ப்பது போதாது. யூ மிரியின் நாவலையும், சன்யாத் தொழிலாளரின் படத்தையும் அதனருகே வைத்துப் பார்க்கவேண்டும். முதலாவது மைதானத்துள் ஓடிய உடலையும், இரண்டாவது மைதானத்தைக் கட்டிய உடலையும், மூன்றாவது அவ்வுடல்கள் ஒன்றுதிரண்டு எழுந்ததையும் காட்டுகின்றன. மூன்றும் சேர்ந்தே ஒரு நகரத்தின் பதிவு ஆகின்றன.

ஆசிரியர்களாகிய நமக்கு இதிலிருந்து செயற்படக்கூடிய ஒரு பணியும் உண்டு. உலக விளையாட்டு விழா எந்த நகரத்தில் நடந்தாலும் அதன் தொடக்க விழாவை மாணவர் தொலைக்காட்சியிற் காண்கின்றனர். வாணவேடிக்கையையும் அணிவகுப்பையும் பார்த்து வியக்கின்றனர், வியக்கட்டும். மறுநாள் வகுப்பறையில் அவர்களிடம் சில வினாக்களைக் கேட்போம். அம்மைதானத்தைக் கட்டியவர் எந்த ஊரவர்? அவருக்குக் கிடைத்த கூலி எவ்வளவு? அந்நிலத்தில் முன்பு வாழ்ந்தோர் இப்பொழுது எங்குள்ளனர்? விடை தெரியாவிடின் தேடச் சொல்வோம். இச்சிகாவாவின் இரும்புக் குண்டு இடித்த சுவர்களுக்குப் பின்னால் வாழ்ந்தவர்களைத் தேடும் வேலை அங்கிருந்துதான் தொடங்குகின்றது.